மைதானக் கேட்டைக் காலையில் இரண்டு மணி நேரம் திறந்துவிடக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: பெண்கள் ரக்பி பயிற்சிக் குழுவின் பயிற்சியாளர் மற்றும் பெற்றோர்
பெறுநர்: மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்
பொருள்: அரசு மைதானத்தில் காலை 5 முதல் 7 வரை பயிற்சி செய்ய அனுமதி வேண்டுதல்
பார்வை: இதே பொருளில் முன்பு கொடுத்த மூன்று மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மூன்று மனுவுக்கும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்ததற்கு மட்டும் 'சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது' என்று போனில் ஒரு செய்தி வந்தது. அந்த அலுவலர் தாங்கள்தான் என்பதால் மறுபடியும் தங்களுக்கே எழுதுகிறோம். தவறாக நினைக்க வேண்டாம்.

1. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, தினமும் அதைத் தாண்டித்தான் அலுவலகம் வருகிறீர்கள். எங்களிடம் 19 பெண் பிள்ளைகள் ரக்பி ஆடுகிறார்கள் (நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் விளையாட்டு), எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை. பணம் கேட்கவில்லை, ஜெர்சி கேட்கவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

2. 'ரக்பியா? அதெல்லாம் நம்ம நாட்டுல யார் ஆடுறா?' என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். பலருக்குப் புது விளையாட்டுதான், ஒத்துக்கொள்கிறோம். இந்திய ஆண்கள் அணி, அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பியில் முதல் சர்வதேசப் போட்டி ஆடியதே 1998இல்தான். பெண்கள் அதில் 2018இல்தான் சர்வதேசப் போட்டி ஆடத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாருமே பெரிய நகரத்து கிளப்பில் வளர்ந்தவர்கள் இல்லை, ஒடிசாவின் பழங்குடிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பீகார் கிராமத்துப் பிள்ளைகளும் தேசிய அணிக்கு வருகிறார்கள். ஒடிசா அரசு தேசிய அணிக்கே ஸ்பான்சர் ஆனது. 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் கோப்பையை வாங்கியது சென்னை புல்ஸ். அன்றைக்கு எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்!

3. இப்போது பிள்ளைகள் ஆடுவது ஏரிக்குள். தண்ணீர் வற்றிய பக்கம். கருவேல முள், சரளைக் கல், அப்புறம் ராத்திரி குடித்துவிட்டு உடைத்துப் போட்ட பாட்டில். முதல் இருபது நிமிடம் பயிற்சியே கிடையாது, வரிசையாக நின்று கண்ணாடிச் சில்லு பொறுக்குவோம். கோல் போஸ்ட்டுக்குப் பந்தல்காரர் கொடுத்த மூங்கில். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டோம். ஆனால் ரக்பி என்பது விழுகிற விளையாட்டு ஐயா. டேக்கிள் செய்தால், அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துக் கீழே சாய்த்தால், பெரும்பாலும் இரண்டு பேரும் விழுவார்கள். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் மட்டும் புள்ளி இல்லை, பந்தைத் தரையில் அழுத்தினால்தான் 5 புள்ளி, அதற்குப் பல நேரம் டைவ் அடிக்க வேண்டும். சரளையில் எந்தப் பிள்ளையை டைவ் அடிக்கச் சொல்வது? ஒருத்தி அடித்தாள், முழங்காலில் ஆறு தையல். அன்றிலிருந்து ஏரியில் யாரையும் விழச் சொல்வதில்லை, டேக்கிளுக்குப் பதில் இடுப்பைத் தொட்டால் போதும் என்று வைத்திருக்கிறோம். போன வருடம் வெளியூரில் ஒரு போட்டிக்குப் போனோம், நல்ல புல்தரை. எங்கள் பிள்ளை ஒருத்தி எல்லாரையும் தாண்டி ஓடினாள், கோட்டுக்கு முன்னால் வந்ததும் வேகத்தைக் குறைத்து, மெதுவாகக் குனிந்து பந்தை வைக்கப் பார்த்தாள். பின்னால் வந்தவள் இழுத்துப் போட்டுவிட்டாள். ஏன்டி விழலை என்று கேட்டதற்கு, 'பழக்கம் சார், கண்ணாடி இருக்கும்னு தோணிச்சு' என்றாள். புல்தரையில் ஐயா! அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது?

4. 'ஏழு பேர்தானே, பள்ளிக்கூடத்து முற்றம் போதாதா?' என்றும் சொன்னார்கள். செவன்ஸ் என்ற ரக்பி வகையில் அணிக்கு ஏழு பேர்தான், ஆனால் மைதானம் 15 பேர் ஆடுகிற அதே மைதானம், அதிகபட்சம் 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். ஆள் குறைவு என்பதால்தான் ஓட்டம் அதிகம்.

5. கேட்டுக்குப் போனால் வாட்ச்மேன், ஆபீஸில் எழுதி வாங்கிட்டு வாங்க என்கிறார். ஆபீஸுக்கு வந்தால், வாட்ச்மேனிடம் பேசிக்கோங்க என்கிறார்கள். புல் கெட்டுப்போகுமாம். கோடையில் அதே மைதானத்தில் பொருட்காட்சி நாற்பது நாள் நடந்ததே, அப்போது புல் எங்கே போனது? ராட்டினம் நட்ட குழியை இன்னும் மூடவில்லை. வேண்டுமானால் நாங்களே மண் கொட்டி மூடித் தருகிறோம்.

6. கிரீஸ் நாட்டில் ரக்பி லீக், அதாவது 13 பேர் ஆடும் ரக்பி, பல வருடம் அரசு அங்கீகாரம் இல்லாமல் கிடந்தது. மைதானம் எது என்று வெளியே சொல்லாமல் ராத்திரியில் ஒளிந்து ஆடினார்கள். அந்த நாட்டு அணி 2019இல் செர்பியாவை 82-6 என்று அடித்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது (அணியில் நிறையப் பேர் ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கிரேக்கர்கள், அது வேறு கதை). 2022இல் அரசே அங்கீகரித்தது. அதே வருடம் உலகக் கோப்பையில் இங்கிலாந்திடம் 94-4 என்று செம அடி வாங்கினார்கள். அடி வாங்கவாவது அவர்களுக்குப் புல்தரை கிடைத்தது. அங்கே தடுத்தது அரசாங்கம். எங்களைத் தடுப்பது ஒரு பூட்டு.

7. ஐப்பசி வந்தால் ஏரியில் தண்ணீர் ஏறிவிடும். அப்புறம் தை வரைக்கும் அதுவும் கிடையாது.

8. திரும்பவும் கேட்டுக்கொள்கிறோம், காலை 5 முதல் 7 வரை. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஓரத்துப் பாதையை விட்டுவிடுகிறோம். முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து. பிள்ளைகளிடம் அதையாவது காட்டுகிறோம்.

நேரம் இருந்தால் நாளைக் காலையே ஏரிப்பக்கம் வந்து பாருங்கள் ஐயா, ஐந்து மணிக்கெல்லாம் இருப்போம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பயிற்சியாளர், 19 பிள்ளைகள் மற்றும் பெற்றோர்
(கையொப்பங்கள் பின்பக்கம்)