விக்கிரவாண்டி தாண்டி லோடு வண்டியை நிறுத்திய அண்ணனுக்கு

எங்கள் 1999 மாடல் காரில் மூன்று மாதமாக மிஸ்ஸிங், அதாவது என்ஜின் சீராக ஓடாமல் விட்டு விட்டு இழுக்கும். ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் மட்டும் வராது. பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கை மாற்றினோம், கார்புரேட்டர் சுத்தம் செய்தோம், தீரவில்லை. போன சனிக்கிழமை ராத்திரி மழையில், அம்மாவோடு திருச்சி போகும்போது வண்டி குலுங்கி இழுவையே போய்விட்டது. பயந்து ஓரங்கட்டினேன்.

நான் கைகூடக் காட்டவில்லை, நீங்களாகவே இறங்கி வந்தீர்கள். பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, "செல்போன் லைட்டை அணைங்க தம்பி" என்றீர்கள். இருட்டில் பார்த்தால், ஒரு பிளக் வயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீலப் பொறி சடசடவென்று தாவிக்கொண்டிருந்தது! வயரில் முடியளவு வெடிப்பு. ஈரம் பட்டால் கரண்ட் அதன் வழியே கசிந்துவிடும், பிளக்குக்குப் போகாது, அதனால்தான் வெயிலில் தெரியவில்லை என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அப்புறம் என்ஜினை அணைத்து, வயரைத் துடைத்து, டேப் சுற்றி, இரும்பில் படாமல் தள்ளிக் கட்டினீர்கள். "இது ஊர் போய்ச் சேரத்தான். நாலு வயரையும் மாத்திடுங்க."

பணம் நீட்டியதும் கையை மடக்கிவிட்டீர்கள். அம்மாவுக்கு உங்கள் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ வேறு ஊற்றிக் கொடுத்தீர்கள்.

வயர்களை மாற்றிவிட்டேன் அண்ணா. நேற்று நல்ல மழை, ஒரு முறைகூட மிஸ் ஆகவில்லை. பதற்றத்தில் உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். ரொம்ப நன்றி.