நாஸோட 'இல்மாட்டிக்', ஒரு நாளைக்கு ஒரு பாட்டு
மக்களே, திங்கள்லேர்ந்து நம்ம குரூப்ல அமெரிக்க ராப்பர் நாஸோட இல்மாட்டிக் ஆல்பத்த ஒரு நாளைக்கு ஒரு பாட்டுன்னு திரும்பக் கேக்கப்போறோம், 1994 ஏப்ரல்ல வந்தது, மொத்தமே 10 ட்ராக்தான், 40 நிமிஷம்கூட வராது, அப்ப நாஸுக்கு வயசு வெறும் 20. முதல் ட்ராக் சும்மா இன்ட்ரோ மாதிரிதான், அத ரெண்டாவதோட சேத்தே கேட்டுடுங்க, அதுக்கு பீட் போட்ட டிஜே பிரீமியரோட அந்த பியானோ லூப் (திரும்பத் திரும்ப வர்ற துண்டு) அப்படியே நாஸ் வளந்த நியூயார்க் ஏரியா குயின்ஸ்பிரிட்ஜ் தெருவுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். மூணாவது பாட்டோட கடைசில வர்ற கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஊதுற வாத்தியம்) நாஸோட அப்பா ஓலு டாரா வாசிச்சது, தயவுசெஞ்சு யாரும் ஸ்கிப் பண்ணாதீங்க. எனக்கு உயிரு 'ஒன் லவ்' தான், ஜெயில்ல இருக்குற ஃப்ரெண்டுக்கு எழுதுற லெட்டராவே போகும், உனக்குப் பையன் பொறந்திருக்கானாம், உன் ஜாடையாமேன்னு விசாரிப்பாரு பாருங்க, அந்த இடம்! கேட்டுட்டு ராத்திரிக்குள்ள உங்களுக்குப் புடிச்ச வரிய வாய்ஸ் நோட்டா போடுங்க.