பந்தம் யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேய்ப்படங்களில் வரும் புனித நெருப்பைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நெருப்பு என்றால் தூய்மை, கடைசிக் காட்சியில் தீமை சாம்பலாகிறது, பார்த்தவர்கள் நிம்மதியாக எழுந்து போகிறார்கள் என்பதுதான் கட்டுரையின் சாரம். சுமாரான படங்களுக்கு இது சரி. ஆனால் வருடக்கணக்கில் மனதில் நிற்கிற படங்களை எடுத்துக்கொண்டால் கதை வேறு. அவற்றில் நெருப்பு எதையும் முடித்து வைப்பதில்லை.

'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984) படத்தில் குழந்தைகளைக் கொன்றவன் சட்டத்தின் ஓட்டையில் தப்பிவிடுகிறான். பெற்றோரே கூடி அவனைக் கொளுத்துகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது நியாயத் தீ. அந்தத் தீயிலிருந்துதான் பேய் பிறக்கிறது. வெந்த முகத்தோடு அவர்களுடைய பிள்ளைகளின் கனவுக்குள்ளேயே வந்து நிற்கிறது. 'ஃப்ராங்கென்ஸ்டீன்' (1931) படத்தில் ஊரே பந்தம் ஏந்திப் போய்க் காற்றாலையோடு சேர்த்து, விஞ்ஞானி உருவாக்கிய அந்தப் பயங்கர உருவத்தை எரிக்கிறது. 1935-இல் வந்த அடுத்த பாகத்தில் அது பிழைத்து எழுந்து வருகிறது. (வசூல் நன்றாக இருந்தால் எந்தத் தீயும் அணைந்துவிடும், அது வேறு விஷயம்.)

'சந்திரமுகி'யைக் கட்டுரையாளர் ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. மலையாள மூலமான 'மணிச்சித்ரத்தாழ்' (1993) படத்தின் உச்சக்காட்சியில் ஆளுக்குப் பதில் வைத்த பொம்மை ஒன்று வாளால் வெட்டுப்படும். 2005-இல் வந்த தமிழ்ப் படத்தில் வாள் போய்த் தீப்பந்தம் வந்திருக்கிறது. காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது: ராஜா வேட்டையன் சந்திரமுகியை உயிரோடு எரித்தவன், அதனால் பழியும் எரித்துத்தான் தீர வேண்டும். பூசாரியும் மனநல மருத்துவரும் கைகோத்து நடத்துகிற நாடகம் அது. புகை மறைக்கிற நேரத்தில் பலகை திரும்பி, ஆளுக்குப் பதில் பொம்மை எரிகிறது. சடங்கு பொய், குணமாவது மட்டும் நிஜம். தன் நெருப்பு ஒரு வித்தைதான் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிற படம் இந்த வகையில் அபூர்வம்.

ஆனால் என் வாதத்துக்கு முக்கியமான படம் 'தி விக்கர் மேன்' (1973). காணாமல் போன ஒரு சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றுக்கு ஒரு போலீஸ்காரர் வருகிறார். கறாரான கிறிஸ்தவர். தீவுக்காரர்களோ சூரியனையும் விளைச்சலையும் கும்பிடுகிறவர்கள். ஆப்பிள் விளைச்சல் பொய்த்துப்போனதால், குச்சிகளைப் பின்னிச் செய்த பிரம்மாண்ட மனித உருவத்துக்குள் ஆடு கோழிகளோடு அவரையும் அடைத்துத் தீ வைக்கிறார்கள். உள்ளே அவர் 'ஆண்டவர் என் மேய்ப்பர்' என்ற பைபிள் சங்கீதத்தை உரக்கச் சொல்கிறார். வெளியே அவர்கள் கைகோத்து ஆடிக்கொண்டே கோடையை வரவேற்கும் பழம்பாட்டைப் பாடுகிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அது மதத்துக்காக உயிர்விடும் வேதசாட்சியின் தீ, வெளியே நிற்பவர்களுக்கு வேள்வித் தீ. யாருக்கும் துளி சந்தேகம் இல்லை. முகத்தில் வெறியும் இல்லை, திருவிழாக் களைதான். பயமுறுத்துவது அதுதான்.

இந்தப் படத்தில் பலர் கவனிக்காமல் கடந்துபோகிற விவரம் ஒன்று உண்டு. தீவின் பிரபு ஓரிடத்தில் சாவகாசமாகச் சொல்கிறார்: அவருடைய தாத்தா 1868-இல் அந்தத் தீவை வாங்கிய விவசாய விஞ்ஞானி. புதுவகைப் பழ மரங்களை நட்டு வளர்க்க ஆட்கள் உற்சாகமாக வேலை செய்ய வேண்டும், அதற்காகவே பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவந்தாராம். அதாவது தொன்றுதொட்டு எரிவதாகத் தோன்றும் அந்தத் தீயின் வயது சுமார் நூறு வருடம். அப்படியிருந்தும் பேரன் காலத்தில் அது நிஜமாகவே ஆளைக் கேட்கிறது. அடுத்த வருடமும் விளைச்சல் பொய்த்தால் இவர்கள் உன்னைத்தான் கேட்பார்கள் என்று போலீஸ்காரர் எரிவதற்கு முன் பிரபுவிடம் சொல்கிறார். பொய்க்காது என்கிறார் பிரபு. சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் மாறுவதைக் கவனித்துப் பாருங்கள்.

அந்த உருவமே எங்கிருந்து வந்தது? கோல் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பகுதி) மக்கள் மரக்குச்சிகளால் பின்னிய பெரிய உருவங்களுக்குள் ஆட்களை உயிரோடு அடைத்து எரித்தார்கள் என்று ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்பில் எழுதியிருக்கிறார். எழுதியவர் அந்த மக்களோடு போர் புரிந்துகொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

'மிட்சோமர்' (2019) இதே வழியில் வந்தது, ஆனால் கூடுதலாக ஒன்றைச் செய்கிறது. ஸ்வீடன் கிராமம் ஒன்றின் சடங்கில் மஞ்சள் நிற முக்கோணக் கோயில் ஒன்பது பேரோடு பட்டப்பகலில் எரிகிறது. விருப்பத்தோடு உள்ளே உட்கார்ந்த இருவருக்கு, பயமும் வலியும் தெரியாது என்று சொல்லி வாயில் ஏதோ கொடுக்கிறார்கள். தீ உடம்பைத் தொட்டதும் அவர்களில் ஒருவன் அலறுகிறான். புனிதத்தின் வாக்குறுதி அந்த ஓர் அலறலில் உடைகிறது. வெளியே நிற்கும் கூட்டமும் சேர்ந்து அலறுகிறது. அது பரிவா, சடங்கின் ஒரு பகுதியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் 'தி திங்' (1982). மனித உருவத்தில் ஒளிந்துகொள்ளும் வேற்றுக்கிரக உயிரைப் பற்றிய, சாமியே இல்லாத படம், அதனால் கட்டுரையில் சேரவில்லை போலிருக்கிறது. ஆனால் அதில் நடப்பது அசல் தீச்சோதனை. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கவைத்து, கையைக் கட்டிவிட்டு, மூன்று நாள் கழித்துப் புண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். 1215-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் சங்கம் கூடி, பாதிரியார்கள் இனி இதை ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடை போட்டது. படத்தில் இரும்புக்குப் பதில் சூடேற்றிய கம்பி, கைக்குப் பதில் கிண்ணத்து ரத்தம். மனித ரத்தம் வெறுமனே பொசுங்கும், அந்த உயிரின் ரத்தம் துள்ளி எழும். சோதனை தொடங்குமுன் கத்தியோடு பாய்ந்த ஒருவனை நாயகன் சுட்டுக் கொன்றுவிடுகிறான். பிறகு அவன் ரத்தத்திலும் கம்பியை வைக்கிறார்கள். அவன் மனிதன்தான். இந்தக் கம்பியையும் புனித நெருப்பின் கணக்கில் சேர்க்கலாமா என்று கட்டுரையாளர் சொல்லட்டும். நான் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்