செட் பட்டனைத் தொடாதே

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். திவ்யாவுக்கு இருமல் நின்றதா? மெல்போர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாள்.

போன மாதம் போனில், "எல்லா ரிமோட்டுக்கும் சேர்த்து ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கிப் போடுங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். வாங்கினேன். ஒன்றும் சரியாகவில்லை. அப்புறம் சரியானது, ஆனால் வாங்கிய ரிமோட்டால் இல்லை. போனில் சொன்னால் நடுவில் "ம்" போட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் டைப் அடிக்கிறேன்.

உனக்கு இங்கே உள்ள நிலைமை சரியாகத் தெரியாது. டிவிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, நீ வாங்கித் தந்த சவுண்ட்பாருக்கு ஒன்று, நெட்டில் படம் பார்க்க டிவியில் செருகுகிற அந்த ஸ்டிக்குக்கு ஒன்று. ஏசி ரிமோட்டையும் சேர்த்தால் ஐந்து. எல்லாவற்றுக்கும் அப்பா பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்ததால் இருட்டில் எல்லாம் ஒரே மாதிரிதான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது அவருக்கு. கையில் இருக்கும் பட்டனில் எழுதியிருப்பதுதான் தெரியவில்லை.

பங்குனி மாதம் ஒரு நாள் சாயங்காலம் நான் கும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். ஹாலில் விளக்குகூடப் போடாமல் அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே டிவியில் நீலத் திரை, அதில் 'நோ சிக்னல்' என்று ஒரு கட்டம் இங்குமங்கும் மிதந்துகொண்டிருந்தது. "எவ்வளவு நேரமா?" என்றேன். "ஏழு மணி நியூஸ் போடலாம்னு பார்த்தேன்" என்றார். அப்போது மணி எட்டரை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டிருக்கலாம், எனக்கு போன் செய்திருக்கலாம். முப்பத்தைந்து வருடம் பேங்கில் கணக்குப் பார்த்த மனுஷன், டிவி போடத் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

அதனால்தான் மறுநாளே கடைக்குப் போனேன். மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை. சுவர் முழுக்க ரிமோட், பூக்கடையில் மாலை தொங்குகிற மாதிரி. இருநூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு தாள், எறும்பு எழுத்தில், கம்பெனி கம்பெனியாக மூன்று இலக்க எண்கள். நம் டிவி கம்பெனிக்கு மட்டும் முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் சத்தம் கூடியது, ஆனால் மியூட் வேலை செய்யவில்லை. இன்னொன்றில் டிவி அணைந்தது, மறுபடி எரிய மறுத்தது. ஒரே கம்பெனி வருடத்துக்கு வருடம் எண்களை மாற்றிக்கொண்டே போயிருக்கிறது. நம் கேபிள் பாக்ஸ் அந்தத் தாளிலேயே இல்லை. கடைசியில் ஓரளவு ஒத்துப்போன எண் கிடைத்தது. நான்காம் நாள் செல்லைக் கழற்றி மாட்டினேன், எல்லாம் மறந்துபோய் புத்தம் புதிதாக நின்றது. நினைவை வைத்துக்கொள்ளத் தெரியாத வகையாம் அது. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரப் பையன் ஒரு நல்ல விஷயம் சொன்னான். ஒரு ரிமோட் உடைந்துவிட்டது என்றால் யுனிவர்சல் பக்கமே போகக்கூடாதாம். பழையதைக் காட்டினால் பட்டனுக்குப் பட்டன் அதே மாதிரி டூப்ளிகேட் எடுத்துத் தருவார்கள், அதுதான் உழைக்கும். பல ரிமோட்டுகளை ஒன்றாக்கத்தான் யுனிவர்சல். அதிலும் எண் போடுகிற வகை வேண்டாம், கற்றுக்கொள்கிற வகை வாங்குங்கள் என்றான். "பழைய ரிமோட்டை எதிர்ல வச்சு அமுக்கினா அப்படியே புடிச்சுக்கும் டீச்சரம்மா" என்றான். எப்படி என்னை டீச்சர் என்று கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. தாளைத் திருத்துகிற மாதிரி பேனாவால் டிக் போட்டு வைத்திருந்தேன், அதனால் இருக்கும்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தப் போகிறேன், பொறுத்துக்கொள். அகச்சிவப்புக் கதிர் என்று இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதினேன், ஒரு நாள்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட முடிந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது? இப்போது உன் போனின் செல்ஃபி கேமராவைத் திற, ரிமோட்டின் மூக்கில் இருக்கும் சின்ன பல்பை அதற்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அமுக்கு. வெளிர் ஊதாவாக மினுக்கும். 940 நானோமீட்டர், நம் கண்ணுக்கு எட்டாது, கேமராவுக்கு எட்டுகிறது. ஓய்வு பெற்ற பிறகு இதைக் கண்டுபிடித்து என்ன செய்ய, அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட" என்றார், அவ்வளவுதான்.

அந்த ஒளி சும்மா எரிவதில்லை. பெரும்பாலான ரிமோட்டில் விநாடிக்கு 38,000 தடவை துடிக்கிறது. அறைக்குள் வெயிலும் விளக்கும் எல்லாமே அகச்சிவப்பைக் கக்கிக்கொண்டிருக்கும்போது, இந்தத் துடிப்பை வைத்துத்தான் டிவி தன் ரிமோட்டைப் பிரித்தறிகிறது. அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்பினால் ஒரு தாளம் வந்துவிடும். நெடுகப் பயன்படுத்துகிற ஒரு முறையில், இடைவெளி குறுகியதாக இருந்தால் பூஜ்யம், நீண்டதாக இருந்தால் ஒன்று, முப்பத்திரண்டு சேர்ந்தால் ஒரு பட்டன். எண் போடுகிற ரிமோட், எழுதி வைத்த தாளங்களின் நோட்டுப் புத்தகம். நம் தாளம் அதில் இல்லையென்றால் இல்லைதான். கற்றுக்கொள்கிற ரிமோட் அப்படியில்லை. தவில்காரர் சொல்லுக்கட்டைக் கேட்டு அர்த்தம் தெரியாமலே திருப்பிச் சொல்லும் குழந்தை மாதிரி, எதிரே கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்கிறது. யாருடைய ரிமோட், எந்த வருடம் என்ற கேள்வியே அதற்கு இல்லை.

உன் ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், அங்கிருந்து விலகி வந்து 1987-இல் செய்து விற்றது இந்த மாதிரிக் கற்றுக்கொள்ளும் ரிமோட்தான், தெரியுமா? கோர் என்று பெயர். அதைவிட எனக்குப் பிடித்தது ஸெனித் கம்பெனியின் 1956-ஆம் வருடத்து ரிமோட். ராபர்ட் ஆட்லர் என்ற இயற்பியல்காரர் செய்தது. உள்ளே செல்லே கிடையாது. பட்டனை அமுக்கினால் ஒரு சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், காதுக்குக் கேட்காத ஓசை போய் டிவியை மாற்றும். வீட்டில் சாவிக்கொத்து குலுங்கினாலே சேனல் மாறிய கதையெல்லாம் உண்டு. சரி, நம் கதைக்கு வருகிறேன்.

கற்றுக்கொள்ளும் ரிமோட்டையும் வாங்கிவிட்டேன், நானூறு ரூபாய். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் எல்லா ரிமோட்டையும் உறை கழற்றி வரிசையாக வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் மேல் மூலையில் ஒரு கட்டம் போட்டு 'டிவி' என்று எழுதி, அதற்குள் நான்கைந்து சின்னப் பட்டன்கள். ஓரத்தில் 'செட்' என்று ஒன்று. ஐந்து வருடமாக நம் வீட்டில் இருக்கிறது. ரப்பர் பேண்ட் சரியாக அந்த இடத்தில் படிந்திருந்தது.

அதுவும் கற்றுக்கொள்கிற வகைதான்! கேபிள்காரர் பாக்ஸோடு தந்ததிலேயே இருந்திருக்கிறது. அவரும் சொல்லவில்லை.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், திவ்யாவின் அப்பா அம்மாவுக்கும் உதவும். ஜன்னல் வெயில் படாத இடமாகப் பார்த்து, இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு, நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். செட் பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு நிலையாக எரிகிறது. பிறகு எந்தப் பட்டனுக்குச் சொல்லித்தர வேண்டுமோ அதை ஒரு அமுக்கு. விளக்கு மினுக்க ஆரம்பிக்கும். இப்போது பழைய ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அமுக்க வேண்டும். விளக்கு படபடவென்று அடித்து மறுபடி நிலைத்தால் பாடம் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு தடவை செட். இது நம் ரிமோட்டின் முறை, மற்றவற்றில் கொஞ்சம் மாறலாம். முதல் இரண்டு தடவை எனக்கு ஏறவில்லை. ஒன்று, பழைய ரிமோட்டில் செல் சோர்ந்துபோயிருந்தது. இரண்டாவது, மேஜைக்கு மேலே இருந்த டியூப்லைட். அதை அணைத்தேன், உடனே பிடித்துக்கொண்டது.

பவர் பட்டனுக்கு டிவியின் பவரைக் கொடுத்தேன். சத்தம் கூட்டுகிற, குறைக்கிற பட்டன்களுக்கு என்ன கொடுத்தேன் தெரியுமா? கட்டத்தின் மேலே டிவி என்று எழுதியிருக்கிறதே தவிர, எதிரே இருப்பது டிவி ரிமோட்தானா என்று அது பார்க்கப் போவதில்லை. சவுண்ட்பார் ரிமோட்டை எதிரே வைத்துவிட்டேன். நீ வந்தபோது சவுண்ட்பாரை ஆப்டிகல் வயரில் மாட்டிவிட்டுப் போனாய், அந்த வயர் ஒலியை மட்டும்தான் கடத்தும், டிவி ரிமோட்டின் பேச்சைக் கடத்தாது. எச்டிஎம்ஐ வயரை ஏஆர்சி என்று எழுதிய துளையில் மாட்டியிருந்தால், செட்டிங்கில் சிஈசி, அதாவது அந்த வயர் வழியாகக் கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்புகிற வசதி, ஆனில் இருக்கிற வரை டிவி ரிமோட்டே சத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த சிஈசிக்கு சாம்சங்கில் அனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க் என்று ஆளுக்கொரு பெயர். உன் புது வீட்டில் ரிமோட் வாங்குவதற்கு முன் முதலில் இதைச் செய்து பார், பாதித் தொல்லை காசில்லாமலே தீரும்.

மிச்சம் இருந்தது ஏவி பட்டன். அதாவது இன்புட்டை, டிவி எந்த வயரிலிருந்து படம் எடுக்க வேண்டும் என்பதை, மாற்றுகிற பட்டன். அதற்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. வேண்டுமென்றேதான். அப்பாவை நீலத் திரைக்குக் கொண்டுபோய் விட்டது அந்த மாதிரிப் பட்டன்தான். இப்போது அதை எத்தனை தடவை அமுக்கினாலும் வெறும் ரப்பர். கடையில் எல்லோரும் "இதில் எத்தனை ஐட்டம் ஓடும்" என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். எது ஓடவே கூடாது என்று எனக்கு மேஜை முன்னால் உட்கார்ந்தபோதுதான் தோன்றியது.

உன் ஸ்டிக் ரிமோட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். அது புளூடூத்தில் பேசுகிறது. கேமராவில் பார்த்தபோது அம்புக்குறிப் பட்டன்களுக்கு வெளிச்சமே வரவில்லை, பவருக்கும் சத்தத்துக்கும் மட்டும் வந்தது. ஒளி இல்லாததைக் கற்றுத்தர வழியில்லை. சோபாவில் தெரியாமல் அதன் மேல் கை பட்டாலே ஸ்டிக் விழித்துக்கொண்டு டிவியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. பாதி நாள் அப்பா ஒன்றும் அமுக்காமலே படம் போனதற்குக் காரணம் அதுதான், பாவம், நான் அவரைத் திட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழைய பாட்டுப் போட வேண்டுமென்றால் நானே எடுத்துப் போடுகிறேன்.

ஏசியும் இதில் சேராது. ஏசி ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டினால் "ஒன்று கூட்டு" என்று போவதில்லை. கூல், இருபத்தைந்து, காற்று நடுத்தரம் என்று மொத்த ஜாதகமும் ஒவ்வொரு தடவையும் போகிறது. அவ்வளவு நீளத்தை இந்தச் சின்ன ரிமோட்டால் பிடிக்க முடியவில்லை. பிடித்தாலும் ஒரே டிகிரியில்தான் நிற்கும். அது ஆணியில் தனியாகத் தொங்குகிறது.

நீ சொன்ன அந்த வைஃபை பெட்டி, பேசினால் டிவி போடுமே, அது வேண்டாம் கண்ணா. கோபித்துக்கொள்ளாதே. கரண்ட் போய் வந்தால் மோடம் விழித்துக்கொள்ள ஐந்து நிமிஷம் ஆகிறது, நெட் இல்லாத நாளில் நியூஸும் இல்லை என்றால் எப்படி? அப்பாவும் பெட்டியோடு பேச மாட்டார். என்னோடு பேசுவதே குறைவு. நீ முன்பு ஆசைப்பட்ட அந்த லாஜிடெக் ஹார்மனி யுனிவர்சல் ரிமோட்டை 2021-இல் நிறுத்திவிட்டார்களே, பார்த்தாயா? அதைப் புதிதாக அமைக்க இன்டர்நெட்டில் கம்பெனியின் தயவு வேண்டும். இருபதாயிரம் கொடுத்து வாங்கினாலும் கம்பெனி கையில்தான் குடுமி. உனக்குத் தேவையென்றால் கற்றுக்கொள்ளும் வகையில், செல் மாற்றினாலும் மறக்காததாக, இருட்டில் பட்டன் ஒளிர்கிறதாக ஒன்று வாங்கிக்கொள். நான் வாங்கிய நானூறு ரூபாய் ரிமோட் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது, வந்தால் எடுத்துக்கொண்டு போ.

இன்னொன்று. பட்டனை விரல் கண்டுபிடிக்க வேண்டுமே என்று பவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். இரண்டு நாளில் வியர்வையில் உரிந்து அப்பாவின் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு எம்சீல் ஒரு மிளகளவு உருட்டி வைத்தேன், கல் மாதிரி நிற்கிறது. சத்தம் கூட்டுகிற பட்டனுக்கு சிவப்பு நெயில் பாலிஷ். பிளாஸ்டிக் உறையை மட்டும் அப்பா விட மாட்டேன் என்கிறார். சரி, இருக்கட்டும் என்று எம்சீலுக்கு நேராகக் கத்தரியால் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று நான் அடுக்களையில் இருந்தபோது ஏழு மணிக்கு நியூஸ் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் இன்னும் கூடியது, தெருவுக்கே கேட்கிற அளவுக்கு. அந்தப் பட்டனும் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? வந்து, நான் செய்வது சரியாக இல்லை என்று அந்த ரிமோட்டை எடுத்து நோண்டாதே. முக்கியமாக செட் பட்டனைத் தொடாதே. மற்றது நேரில்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வரும்போது அங்கிருந்து நல்ல பென்சில் செல் ஒரு டஜன் வாங்கி வா, அல்கலைன் வகை. இங்கே கிடைக்காமல் இல்லை. அப்பா மலிவானதாகப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார், அது உள்ளே ஒழுகிப் போன வருடம் கடிகாரம் ஒன்று போய்விட்டது.