கார்த்திக்கு, மலைச்சிங்கத்தைப் பற்றி

அன்புள்ள கார்த்தி,

"எப்படிப்பா மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நேற்று போனை வைத்துவிட்டாய். எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அதான் எழுதுகிறேன்.

ஆமாம், 2024 நவம்பரில் கொலராடோவில் மலைச்சிங்கம் என்கிற பூமாவை வேட்டையாடத் தடை கேட்டு 127ஆம் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தடை வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டேன். நீ இருக்கும் கலிபோர்னியாவில் 1990 சட்டத்தால் அந்த வேட்டையே கிடையாது. ஆனால் ஆட்டை அடித்த சிங்கத்தைச் சுட அங்கேயும் அனுமதி கொடுப்பதுண்டு, மறந்துவிடாதே.

போன குளிர்காலம் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றைச் சுட்டார். நாய்கள் அதைப் பைன் மரத்தில் ஏற்றிவிட்டன. அவர் உடனே சுடவில்லை. வாலுக்குக் கீழே அந்தக் கறுப்பு வட்டம் தெரிகிறதா என்று பைனாகுலரில் பார்த்துக்கொண்டே நின்றார். தெரிந்தால் ஆண். அப்புறம் அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டியபோது நானும் கூடப் போனேன். வயது பார்க்க ஒரு சின்னப் பல்லைப் பிடுங்கிக் கவரில் போட்டார்கள். அதன் பாதத்தின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், என் உள்ளங்கை நிறைந்துவிட்டது. ரொம்ப நேரம் கையை எடுக்க முடியவில்லை.

தடை வேண்டாம் என்று ஓட்டுப் போட்டதற்காக, இஷ்டத்துக்குச் சுட்டுத் தள்ளலாம் என்பவர்கள் பக்கம் நான் இல்லை. யூட்டாவில் 2023இல் வருஷம் முழுக்க வேட்டைக்குத் திறந்துவிட்டார்களே, அது பெரிய தப்பு. வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் பல வருஷம் பார்த்துச் சொன்னது இது: அங்கே மலைச்சிங்கம் வருஷத்துக்குச் சுமார் 14 சதவீதம்தான் பெருகுகிறது. அதற்கு மேல் சுட்டால், இடத்தைப் பிடித்துவைத்திருந்த வயதான ஆண்கள் போய் வெளியிலிருந்து இளசுகள் நுழைகின்றன. குட்டிகளைக் கொல்கின்றன. ஆடு மாடு போச்சு என்ற புகாரும் கூடத்தான் செய்கிறது. அதனால்தான் பகுதிக்கு இத்தனை என்று அளவு வைத்து, அது நிறைந்ததும் மூடிவிடும் முறையை நம்புகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ சொல்வது சரி. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் குட்டிகளை மறைவில் விட்டுவிட்டு அது தனியாகத்தான் இரை தேடப் போகும். பனியில் ஒற்றைத் தடம் மட்டும் கிடந்தால் யாருக்கு என்ன தெரியும்? ஒன்றரை வருஷம் தாயோடு இருக்க வேண்டிய குட்டிகள், கார்த்தி.

வனவிலங்கு ஆணையக் கூட்டத்தில் இதைப் பேசப் போகிறேன். பெண் சிங்கங்களுக்கான வரம்பை இன்னும் இறுக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறேன். அனுப்புகிறேன், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுத் திருத்திக் கொடு. உன் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

அன்புடன்,
அப்பா