தேக்காவிலிருந்து அக்காவுக்கு

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவுக்குக் கால் வலி குறைந்ததா என்று மறக்காமல் எழுது.

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கட்டட வேலை நடக்கிற சைட்டில் கிரேன் சத்தம். நீயும் சாப்பாட்டைப் பற்றி வலைப்பூ எழுதலாம் என்று இருக்கிறாய், என்ன கேமரா வாங்குவது என்று கேட்டாய். கேமராவெல்லாம் வேண்டாம் அக்கா, மாமாவின் போனே போதும். யாருக்காக எழுதப் போகிறாய் என்று மட்டும் முதலில் யோசித்துக்கொள். அந்த ஆள் யார் என்று தெரிந்துவிட்டால், எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தப் படத்தைப் போடுவது எல்லாம் தானாகப் பிடிபடும்.

என் சங்கதியையே சொல்கிறேன். எங்கள் சைட்டில் புதுக்கோட்டை, ராமநாதபுரம், மன்னார்குடிப் பக்கத்து ஆட்கள் நிறைய. காலையில் இருட்டோடு கிளம்பும்போதே மதியத்துக்கும் சேர்த்துக் கேட்டரிங் பொட்டலம் கையில் வந்துவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது மதியம்வரை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு வந்தால் எல்லோரும் லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்காவுக்கு வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு, தெரிந்த கடையில் தெரிந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்துக் கடையில் தட்டில் ஆவி பறக்க வருவது என்ன, எத்தனை வெள்ளி (டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), அதில் மாட்டுக்கறி இருக்குமா, பன்றிக்கறி இருக்குமா, எப்படிக் கேட்பது என்று எதுவும் தெரியாது. கேட்கவும் கூச்சம். வருஷக்கணக்காக இங்கே உழைத்துவிட்டு ஒரு கோழிச்சோறுகூடச் சாப்பிடாமல் ஊர் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மனசு கேட்கவில்லை. இந்தக் கட்டடங்களைக் கட்டுகிறவனுக்கு இந்த ஊர்ச் சாப்பாடு மட்டும் எதற்கு அந்நியமாக இருக்க வேண்டும்? அவனுக்காகத்தான் தமிழில் எழுத ஆரம்பித்தேன்.

இங்கே நம் ஊர் மாதிரி தள்ளுவண்டிக் கடை பார்க்க முடியாது. தெருவில் விற்றவர்களை எல்லாம் 1971-லிருந்து 1986-க்குள் கூரையும் குழாய்த் தண்ணீரும் உள்ள கட்டடங்களுக்கு மாற்றிவிட்டார்கள். உணவங்காடி நிலையம் என்பார்கள். தீவு முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கடை போட்டிருப்பார்கள், நடுவில் பொதுவாக மேசைகள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேக்கா நிலையம் 1982-ல் வந்தது. கீழே ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், இன்னொரு பக்கம் மீன், கறி, காய்கறி. மாடியில் துணிக் கடைகள்.

மீ கோரிங் என்று ஒன்று இருக்கிறது. மஞ்சள் நூடுல்ஸ் சீனருடையது. அதை மிளகாய் விழுதும் தக்காளி சாஸும் சேர்த்துச் சிவக்கப் பிரட்டி, தங்களுக்கென்று ஒரு சாப்பாடாக ஆக்கியது இங்கே வந்த தமிழ் முஸ்லிம்கள். ஒரு கடையில் கடையநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் போடுகிறார். கொஞ்சம் ஆட்டுக்கறிக் கொத்து, முட்டைக்கோஸ், அவித்த உருளைக்கிழங்கு, டோஃபு. எல்லாம் சட்டியில் விழுந்ததும் கரண்டியால் நூடுல்ஸைப் பரத்தி, அழுத்தி, அப்படியே விட்டுவிடுகிறார். ஓரம் லேசாகத் தீய்ந்து வாசம் வந்த பிறகுதான் புரட்டுகிறார். முட்டை அப்புறம். ஏன் என்று கேட்டேன். கிண்டிக்கொண்டே இருந்தால் கூழாகிவிடும், சட்டியின் சூடு நூடுல்ஸில் ஏற வேண்டும் என்றார். தட்டின் ஓரத்தில் வெள்ளரிக்காய் வில்லை வைத்துத் தருகிறார். அக்கா, "சுவையோ சுவை" என்று பத்து வரி எழுதுவதைவிட, அவர் கை எங்கே நின்றது என்று ஒரு வரி எழுதினால் போதும். படிக்கிறவன் அடுத்த ஞாயிறு அந்தக் கடை முன்னால் வந்து நிற்பான்.

காப்பி டீ கேட்பது எப்படி என்று எழுதியதுதான் நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது. வெறும் "கோப்பி" என்றால் டின்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லை, சீனி உண்டு. "கோப்பி சி" என்றால் இனிக்காத டின்பாலோடு சீனி. இந்த இரண்டுக்கும் பின்னால் "கோசோங்" சேர்த்தால் சீனி போட மாட்டார்கள். டீக்கும் இதே கணக்கு, "தே" என்று தொடங்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ள எங்கள் சைட் அண்ணன் ஒருவர் டீயையே விட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு இப்போது "தே சி கோசோங்" கேட்டு வாங்கிக் குடிக்கிறார். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

உனக்குப் பிடித்த மீன் தலையும் இங்கே உண்டு. கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949-ல் சோபியா ரோட்டில் இருந்த தன் கடையில் முதலில் போட்டாராம். மீன் தலை என்றால் சீனர்களுக்கு உயிர். அவர்களை நினைத்துத் தலையை நம் குழம்பில் போட்டார். இன்றைக்கு அது இந்த ஊரின் பெயர் பெற்ற சாப்பாடுகளில் ஒன்று. வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிடக்கும். ஒரு தலை மூன்று நான்கு பேருக்குக் காணும். விலை கூடுதல், அதனால் கூட்டாளிகளோடு பங்கு போட்டுச் சாப்பிடச் சொல்லித்தான் எழுதினேன்.

நான் விடாமல் செய்கிற சில காரியங்களைச் சொல்கிறேன், உனக்கும் உதவும். சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிடுவேன், ஓசியில் சாப்பிடுவதில்லை. படம் எடுக்கும் முன் கடைக்காரரிடம் கேட்பேன், வரிசை கட்டி ஆள் நிற்கும்போது கேட்கவே மாட்டேன். பத்து, பத்தரை மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, ஓரத்து மேசையில் வெளி வெளிச்சமும் விழும். ட்யூப்லைட் அடியில் எந்தக் குழம்பும் சாம்பல் பூத்துத் தெரியும். ஒருமுறை சாப்பிட்டதை வைத்து எழுத மாட்டேன். கடை எண், எந்தக் கிழமை விடுமுறை, நான் போன மாதம், அன்றைய விலை நான்கும் கட்டாயம். வாரத்தில் ஒரே நாள் லீவு கிடைக்கிறவனை மூடிய கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது பாவம். ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்றும் பார்த்து எழுதுவேன். தட்டைத் திருப்பி வைக்கிற இடத்தில்கூட ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு அது தெரியாது.

இதில் காசு வருமா என்று அம்மா கேட்டதாகச் சொன்னாய். எனக்கு வராது. எனக்குக் கொடுத்திருக்கிற வேலை அனுமதிப் பாஸ் ஒரு கம்பெனி வேலைக்கு மட்டும்தான், வேறு வழியில் சம்பாதிக்கக் கூடாது. உனக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் முதல் வருஷம் காசை நினைக்காதே.

பொங்கலும் சாம்பாரும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீ அறந்தாங்கியில் இருந்துகொண்டு இங்கே டார்மிட்டரியில், அதாவது தொழிலாளர் விடுதியில், தாங்களே பொங்கித் தின்கிற பையன்களுக்காக எழுது. உன் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் தொடங்கு. கோட்டைப்பட்டினத்துக் கருவாடு இங்கே கிடைக்காவிட்டாலும் இக்கான் பிலிஸ் என்ற பெயரில் நெத்திலி எல்லாக் கடையிலும் இருக்கிறது. "தேவையான அளவு உப்பு" என்று எழுதாதே, அவர்களுக்குத் தேவை எவ்வளவு என்று தெரியாது. எல்லோரிடமும் ரைஸ் குக்கரோடு வந்த கப் இருக்கிறது, 180 மில்லி பிடிக்கும். புளித்தண்ணீரை அந்தக் கப்பால் அளந்து சொல். கருவாட்டை வெந்நீரில் எவ்வளவு நேரம் போடுவது, எத்தனை தடவை அலசுவது, எண்ணெய் பிரிந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, மூன்றையும் விட்டுவிடாதே. எண்ணெய் பிரியும்போது சட்டியை மேலிருந்து ஒரு படம் எடு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், ஃபிளாஷ் வேண்டாம்.

நடை நன்றாக இருக்கிறதா என்று கவலைப்படாதே. நீ எனக்குப் போனில் சொல்வது மாதிரியே எழுது, எழுத்துப்பிழை இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. எங்கள் சைட்டுப் பையன்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்கிறேன். எங்கே தடுமாறினார்கள் என்று உனக்கு எழுதுகிறேன், அந்த இடத்தைத் திருத்திய பிறகு வெளியே போடலாம். வியாழனுக்குள் வந்தால் நல்லது. ஞாயிறு சமைக்கச் சனி ராத்திரியே சாமான் வாங்கிவிடுவார்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
குமார்