கூத்துக் களரியில் கொட்டிய கிறவலை அள்ளித் தரக் கோரல் (மூன்றாம் மனு)

பிரதேச செயலாளர் அவர்கட்கு,
கிராம உத்தியோகத்தர் ஊடாக

மதிப்பிற்குரிய ஐயா,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் அம்மன் கோயில் வெளியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆலமரத்துக்குக் கிழக்கே நாங்கள் கூத்தாடுகிற வட்டக்களரியில், ஒழுங்கை போடவென்று இறக்கிய கிறவல் (சரளைக் கல்மண்) இன்னும் அப்படியே கிடக்கிறது. இரண்டு மனுத் தந்தும் பதில் வரவில்லை. பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. பாட்டன்மார் காலந்தொட்டு வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்தும் விடிய விடிய ஆடிய களரி இது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனது, இப்படியான மட்டக்களப்புக் களரிகளில் வளர்ந்த கூத்தைத்தான்.

2. முன்மாரி நெல் வேளாண்மை வெட்டியதும் சட்டம் (அவரவர் ஆடுகிற பாத்திரத்தின் பாட்டு எழுதிய ஏடு) கொடுத்துப் பழக்குவோம். பிறகு சதங்கை அணி, அடுக்குப் பார்த்தல் (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்ப்பது), அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் போகும். இம்முறை சட்டம் கொடுத்தாயிற்று. ஆடத்தான் இடமில்லை.

3. பிள்ளைகள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். குவியலுக்குப் பக்கத்தில் கொஞ்ச இடத்தைக் கூட்டிப் பழக்கிப் பார்த்தோம். சிதறிக் கிடந்த கல் வெட்டி, அருச்சுனனுக்கு ஆடுகிற பொடியனின் உள்ளங்காலில் மூன்று தையல். அன்றோடு தாய்மார் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அவர்களில் பிழை சொல்ல ஏலுமா? கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. கூத்துக் கொப்பியில் பாட்டு இருக்கிறது. எந்த இடத்தில் மத்தளத்தை எப்படி அடிப்பது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. பொழுதுபட மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஆலமரத்தடியில் இருந்து கிறவலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஒவ்வொரு நாளும் இதுதான், ஐயா. எங்களால் பார்க்க முடியவில்லை.

4. கலாசார மண்டபத்தில் ஆடச் சொன்னார்கள் கந்தோர் உத்தியோகத்தர்கள். களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். ஆட்டக்காரன் நாலு பக்கமும் திரும்பி ஆடிப் பாடுவான். மண்டபத்தில் ஒரு பக்கந்தானே சனம்! சீமெந்துத் தரையில் இரவு முழுக்க மிதித்தால் முழங்கால் தாங்குமா? பத்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டுவார்கள். எங்கள் கூத்தில் ராசா களரிக்கு வரவே அதற்குப் பிறகுதான்.

5. கிறவல் அள்ளுகிற வாகனத்துக்கு டீசல் காசை ஊரில் சேர்த்துத் தருகிறோம் என்றும் எழுதினோமே, அதற்குமா பதில் இல்லை?

6. அள்ளித் தாருங்கள்.

அள்ளிய இடத்தில் கொஞ்சம் குருமண் பரப்பினால் போதும்; மிச்சத்தை நாங்கள் மிதித்து இறுக்குவோம். வருகிற பௌர்ணமிக்குச் சதங்கை அணிய நாள் வைத்திருக்கிறோம். ஐயா, அதற்கு முன்னம் தயவுசெய்து அந்தக் கிறவலை அள்ளித் தாருங்கள்.

இங்ஙனம்,
கூத்துக் குழுவினரும் கோயில் பரிபாலன சபையினரும்